கழுதைக் காதுத் தொப்பி

அன்று காலை அந்தப் பெட்டியைக் காரின் பின்பக்கம் தூக்கி வைத்தவன் க்ளோவிஸ்தான். இவெட் அவனைவிட்டுப் போவதற்காகக் கட்டிய பெட்டி அது. நான்கு நாள் முன்பு அவனை எதிரே உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கட்டினாள். அன்று அவன் அழுதான். இன்று அதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

“என்னா கனம் கனக்குது! உள்ள கல்லு வச்சிருக்கியா, ஷேர்?” என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அந்தப் பிரெஞ்சுச் செல்லச் சொல்லால்தான் கூப்பிடுவான். “எங்க போறோம்?”

“டாக்டரப் பாக்க.”

“டாக்டரப் பாக்க எதுக்குப் பெட்டி? என்னைய அங்கயே வித்துட்டு வரப்போறியா? எடைக்குப் போட்டாக்கூட நல்ல காசு வரும்.”

அவள் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்தாள். அவள் மனதில் இருந்த ஏற்பாடு இதுதான்: டாக்டர் இன்று கையில் கொடுக்கப்போகும் தாள், இவனுக்கு மூளையில் நோய் என்று சொன்னால், பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, சாகும்வரை இவனோடு இருப்பாள். நோய் இல்லை என்று சொன்னால், இவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே ஹூஸ்டனில் இருக்கும் மகள் செலஸ்ட் வீட்டுக்குப் போய்விடுவாள். நாலரை மணி நேர ஓட்டம். பெட்ரோலை முந்தின நாளே நிரப்பிவிட்டாள்.

ஊர் எல்லையில் பச்சைப் பலகை வந்தது. ‘போன் ரெப்போ. க்ளோவிஸ் ட்ரஹான் பிறந்த ஊர்.’ புயலில் இரண்டு தடவை சாய்ந்த பலகை. இரண்டு தடவையும் ஊர்க்காரர்களே வந்து நிமிர்த்தி வைத்தார்கள். வீட்டுக் கூரை பறந்துபோனவன்கூட முதலில் பலகையை நிமிர்த்தத்தான் வந்தான். அந்த ஊர் அப்படி.

இறால் படகுக்காரன் மகன் க்ளோவிஸ். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் ஆடியே பேர் வாங்கினான். அந்த ஆட்டத்தை வைத்தே கல்லூரிக்குப் போனான். பிறகு பெரிய லீக்கில் ஒரு நகரத்து அணி அவனை எடுத்தது. பன்னிரண்டு வருடம் இடது கார்டு. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து பேரில் ஒருவன். எறிகிறவன் முகம் சோப்பு விளம்பரத்தில் வரும். சுவரின் முகத்தை எவன் பார்த்தான்? அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பந்து அவன் கைக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் எவனோ நழுவவிட்டது. அதன் மேல் குப்புற விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அதற்கே போன் ரெப்போவில் மாதா கோவில் மணியை அடித்தார்கள்.

மற்ற நேரமெல்லாம் அவனுடைய உத்தியோகம், குனிந்து நின்று, பந்து அசைந்ததும் எதிரே நிற்கிறவனின் மண்டையில் தன் மண்டையால் மோதுவது. ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை. பயிற்சிக்குக் கணக்கே இல்லை. மேலே கவசம் இருந்தது உண்மைதான். கவசம் மண்டை ஓட்டைக் காப்பாற்றும். உள்ளே இருப்பது குலுங்குவதை யார் காப்பாற்றுவது?

முப்பத்து நாலாவது வயதில் ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில் உதவியாள் ஒருவன் வந்து அறைக் கதவைத் தட்டினான். “கோச் கூப்பிடறார். ஆட்டப் புத்தகத்தையும் கையோட எடுத்துட்டு வாங்க” என்றான். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். க்ளோவிஸ் அதைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். ஊர் அவனைத் தீயணைப்பு வண்டியின் மேல் ஏற்றி ஊர்வலம் விட்டது. அப்பாவின் படகை வாங்கிக்கொண்டான். ஒன்பது வருடம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் சாவி தொலைந்தது. அது யாருக்கும் தொலைகிற சாவிதான். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் தொலைந்தது. நாற்பது வருடமாகத் தெரிந்த கால்வாயில் படகோடு வழி தவறி, பக்கத்து ஊர்க்காரன் கயிறு கட்டி இழுத்துவந்தான். கோபம் மட்டும் தொலையவில்லை. அது எங்கிருந்தோ புதிதாக வந்து குடியேறியது. கடந்த ஈஸ்டர் அன்று, உப்பு எங்கே என்று அவள் இரண்டாம் தடவை கேட்டதற்கு, கொதிக்கிற நண்டுக் குழம்பைச் சட்டியோடு தூக்கிச் சுவரில் அடித்தான். பாதிக் குழம்பு அவள் இடது கையில் விழுந்தது. இருபது நிமிடம் கழித்து அவள் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, “ஐயோ, கையில என்னாச்சு?” என்று பதறினானே, அதுதான் அவளைக் கொன்றது. இது நோயா, நடிப்பா? அவளுக்குப் புரியவில்லை. நோய் என்றால் சகித்துக்கொள்ளலாம். நடிப்பு என்றால் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. தம்பி ரெமி விஷயத்தில் ஒரு தடவை கேட்டு, விடையும் கண்டவள். ரெமி அவளைவிட ஆறு வயது இளையவன். அக்காள் புருஷனைப் பார்த்தே ஆட்டத்துக்கு வந்து, அதே அணியில், க்ளோவிஸுக்குப் பக்கத்தில், சுவரின் நடுச் செங்கலாக ஐந்து வருடம் நின்றவன். ஆட்டம் விட்ட பிறகு குடித்தான். அடித்தான். மனைவி போய்விட்டாள். ‘மூளையில என்னமோ ஆயிடுச்சுக்கா’ என்று இவெட் வீட்டுக்கு வந்து நின்றான். இவெட்தான் அவனைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். தாள் வந்தது. ‘குறைவு ஏதும் காணப்படவில்லை’ என்று அச்சில் போட்டிருந்தது. அன்று அவள் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். பதினோராம் நாள் ரெமியின் வண்டி பாலத்திலிருந்து கால்வாய்க்குள் போனது. அது விபத்தா, அவனே போனானா என்பது தெரியாது. இவெட் அழுதாள். ஆனால் தாளைச் சந்தேகிக்கவில்லை. மனுஷன் பொய் சொல்வான், தாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி.

நியூ ஆர்லியன்ஸ் ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடியப் பகல் பன்னிரண்டாகிவிட்டது. டாக்டர் ஃபோன்டெனோ, நறுக்கென்று பேசுகிற பெண், மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“மிஸ்டர் ட்ரஹான், இன்னிக்கு ஞாபகசக்திப் பரீட்சையில நூத்துக்கு அம்பத்தேழு எடுத்திருக்கீங்க.”

“பாஸா?” என்றான் க்ளோவிஸ்.

“உங்க வயசுக்கு அது கம்மிதான். ஆனா முன்னாடி என்ன எடுத்தீங்கன்னு பாக்கணும் இல்லையா? லீக்குல ரெண்டாயிரத்து மூணுலேருந்து ஒவ்வொரு ஜூலையும், சீசனுக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு பரீட்சை வச்சிருக்காங்க. அந்த மார்க்கெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. நாலுல அம்பத்திநாலு. ஆறுல அம்பத்திரெண்டு. ஏழுல நாப்பத்தொம்போது.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப அம்பத்தேழு. சரிவு எதுவும் தெரியல. சொல்லப்போனா கொஞ்சம் முன்னேற்றம்.”

“முன்னேற்றமா?” இவெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டாக்டர், இந்த மனுஷன் காலையில எம் பெட்டிய…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“ஸ்கேன்லயும் உறுதியாச் சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. உயிரோட இருக்கறப்ப இந்த நோயக் கையில புடிச்சுக் காட்ட இன்னும் வழி வரல. அதனாலதான் பழைய மார்க்க நம்பறோம். அது கீழ எறங்கியிருந்தா புது சிகிச்சைக் குழுவுல உடனே சேத்திருப்பேன்.”

க்ளோவிஸ் கையைத் தட்டினான். “பாத்தியா ஷேர், தேறிட்டேன்!” அடுத்த நொடி அவன் கை அந்தரத்தில் நின்றது. தாளைத் தன் பக்கம் இழுத்து, எண்களின் மேல் தடித்த விரலை ஒவ்வொன்றாக வைத்தான். “இல்ல டாக்டர். இது… இது நான் வேணும்னே தப்பாப் போட்டது.”

“என்ன சொல்றீங்க?”

“எல்லாருமே தப்பாத்தான் போடுவோம். ஆட்டத்துல மண்டையில அடிபட்டா அதே பரீட்சைய மறுபடி வைப்பாங்க. மார்க்கு எறங்கியிருந்தா வெளிய ஒக்கார வச்சிருவாங்க. ரெண்டு வாரம் ஒக்காந்தா எடம் போச்சு. அதனால ஜூலையிலயே கம்மியா வாங்கிருவோம். எறங்கறதுக்கு எடமே இருக்கக் கூடாது, பாருங்க.”

டாக்டர் பேனாவை மூடினாள். குரலில் கடுமை இல்லை, களைப்பு இருந்தது. “இங்க வர்றவங்க முக்காவாசிப் பேரு இதத்தான் சொல்றாங்க, மிஸ்டர் ட்ரஹான். சில பேரு நெசமாவே செஞ்சிருக்கலாம். நான் எத வச்சு எழுதறது?”

தாளின் அடியில் கையெழுத்துக்கு மேலே அந்த வரி இருந்தது. குறைவு ஏதும் காணப்படவில்லை. மூன்று வருடம் முன்பு ரெமியின் தாளில் பார்த்த அதே வரி.

இவெட் காரில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடித்தாள். பேயறைந்தவள் மாதிரி ஓட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒரு பதில். பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் ஏன் அந்தத் தாளை இன்னும் மடியிலேயே வைத்திருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

“எம் மேல கோவமா?” என்றான் க்ளோவிஸ்.

“பேசாத.”

“நெசமாத்தான் சொல்றேன். தப்பாத்தான் போட்டோம்.”

“ரெமியும் இதேதான் சொன்னான்!” அவள் கத்தினாள். “சமையக்கட்டு வாசல்ல நின்னுகிட்டு, ‘அந்தப் பரீட்சை பொய்யிக்கா, நான் வேணும்னு கெடுத்தேன்’னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னேன். எல்லாப் பயலும் ஒரே பொய்ய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க. ஆட்டப் புத்தகத்துல அச்சடிச்சுக் குடுத்தாங்களா?”

க்ளோவிஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் கரும்புக் காடு போனது. பிறகு சதுப்பு நிலம் வந்தது. சொல் எதையோ தேடுகிறான் என்பது அவன் விரல் அசைவிலேயே தெரிந்தது. அவன் மண்டையைத் தட்டினான், இரண்டு பக்கமும் கையை நீட்டிக் காண்பித்தான்.

“தொப்பி,” என்றான் கடைசியில். “காது வச்ச தொப்பி. நீதான தெச்ச.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எப்படி மறக்கும்? ஒவ்வொரு ஜூலையும் பயிற்சி முகாமின் முதல் வாரம் முடிந்ததும், சுவர்க்காரர்கள் ஐந்தாறு பேரும் குடும்பத்தோடு ஒரு கொல்லையில் கூடுவார்கள். பெரிய அண்டாவில் நண்டும் சோளமும் வேகும். சாப்பாடு முடிந்ததும் ஒருவனுக்குக் கழுதைக் காது வைத்த தொப்பியைச் சூட்டுவார்கள். அந்த வருடத்துக் கழுதை அவன். அடுத்த ஜூலை வரை தொப்பி அவன் வீட்டில் இருக்கும். அதைத் தைத்தவள் இவெட். வருடா வருடம் கழுதையின் பேரையும் மார்க்கையும் நூலால் எழுதியவளும் அவள்தான்.

“அது ஓட்டத்துக்கு மார்க்கு,” என்றாள். “மைதானத்தச் சுத்தி ஓடவிட்டு, கோச் நூத்துக்குப் போடுவாரு. ரொம்பக் கம்மியா வாங்கினவன் கழுத. நீங்கதான சொன்னீங்க?”

க்ளோவிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் கண்ணில் பழைய குறும்பு ஒரு கணம் வந்து போனது.

“எங்க எடைக்கு, ஓட்டத்துக்கு எவன் மார்க்குப் போட்டான், ஷேர்?”

இவெட் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனால் திட்டிவிட்டுப் போனான். மடியில் இருந்த தாளை எடுத்தாள். 2007-க்கு நேரே 49. அந்த நாற்பத்தொன்பது அவளுக்குத் தெரியும். நாலைத் தைத்ததும் மஞ்சள் நூல் தீர்ந்துபோய், ஒன்பதைச் சிவப்பில் தைத்தாள். ‘கழுதைக்கு ஒரு கண்ணு செவந்துபோச்சு’ என்று அண்டாவைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.



“அந்தத் தொப்பி இப்ப எங்க?”

“ரெமிகிட்ட. கடைசியா ஜெயிச்சது அவன்தான.” அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான். “போயி வாங்கிக்கலாம்.”

பக்கத்தில் பெட்ரோல் போட்டு அரிசித் தொத்திறைச்சியும் விற்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே வண்டியை விட்டு, க்ளோவிஸ் கையில் ஒரு துண்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆல்சிட் பாட்டிஸ்டுக்குப் போன் போட்டாள். ஆல்சிட் அந்தச் சுவரில் மூத்தவன். க்ளோவிஸுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன். இப்போது பேட்டன் ரூஜில் ஒரு கிறிஸ்தவ சபையில் பாட்டு நடத்துகிறான்.

“மிஸ் இவெட்! சூரியன் மேக்கால உதிச்சிருச்சா, நீங்க என்னைக் கூப்பிடறீங்க?”

“ஆல்சிட், சிரிப்பு வேணாம். அந்தக் கழுதத் தொப்பியில நான் தெச்சது என்ன மார்க்கு?”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. “எதுக்குக் கேக்கறீங்க?”

“சொல்லு.”

“க்ளோவிஸ் சொல்லிட்டானா? சரி. ஞாபகப் பரீட்சை மார்க்கு. பொம்பளைங்க பயந்துக்குவீங்கன்னு ஓட்டம்னு சொல்லி வச்சிருந்தோம். ஏற்பாடு என்னுதுதான். சும்மா கண்டபடி தப்பாப் போட்டா கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சிரும், மிஸ் இவெட். அளவா கெடுக்கணும். மாட்டாம எவன் ரொம்பக் கீழ போறானோ அவனுக்குத் தொப்பி. க்ளோவிஸ் கெட்டிக்காரன். ஆனா உங்க தம்பிதான் மன்னன். ரெமி மாதிரி ஒருத்தன்…” அவன் குரல் அப்படியே இறங்கியது. “என்னாச்சு? க்ளோவிஸ் நல்லாருக்கானா?”

“நல்லாருக்கானாம். முன்னேற்றமாம். தாள்ல போட்டிருக்கு.”

ஆல்சிட்டுக்கு அதற்கு மேல் விவரம் சொல்லத் தேவையில்லை. அவனும் அந்தச் சுவரில் நின்றவன்தானே.

“இயேசுவே,” என்றான். “நம்ம தலையில நாமளே மண்ண அள்ளிப் போட்டுகிட்டோமே.” பிறகு சொன்னான்: “அந்தத் தொப்பியத் தேடி எடுங்க. நான் வந்து அந்த டாக்டரம்மா முன்னாடி சத்தியம் பண்றேன். தேதியும் மார்க்கும் ஒத்துப்போனா அவங்க என்ன சொல்லிருவாங்க?”

ஆம், தலையில் மண். மண்டையை வைத்துப் பிழைத்தவர்கள், மண்டையைப் பார்க்க வந்த ஒரே கண்ணாடியில் ஜூலைக்கு ஜூலை கரி பூசி வைத்திருக்கிறார்கள். அதற்கு விருந்து வேறு. அந்த விருந்துக்குச் சோளம் உரித்துக் கொடுத்தவள் இவெட். இதில் யாரைத் திட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை. கடை வாசலில் நின்று வெயிலைத் திட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கார் கொட்டகைக்குப் போனாள். மூலையில், வலைகளுக்குப் பின்னால், ரெமியின் பெட்டி இருந்தது. அவன் கடைசியாகக் குடியிருந்த அறையைக் காலி செய்தபோது வீட்டுக்காரி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி. மூன்று வருடமாக இவெட் அதன் நாடாவைக் கிழிக்கவில்லை. அதில் என்ன இருக்கப்போகிறது, காலிப் பாட்டில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். மீன் கத்தியால் நாடாவை அறுத்தாள்.

பாட்டில் இல்லை. மடித்த ஜெர்சி ஒன்று, முட்டிக்குப் போடும் பட்டை ஒன்று, அம்மாவின் ஜெபமாலை. அடியில் சாம்பல் நிறத் துணித் தொப்பி. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் கிடந்தது.

அவள் அதைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், டாக்டரின் தாளைப் பக்கத்தில் பிடித்தாள். தன்னுடைய தையலைத் தானே வாசித்தாள். 2003 ஆல்சிட் 58. 2004 க்ளோவிஸ் 54. தாளிலும் 54. 2006 க்ளோவிஸ் 52. தாளிலும் 52. 2007, மஞ்சள் நாலும் சிவப்பு ஒன்பதும். தாளிலும் அதுவே. எண்ணுக்கு எண் ஒத்துப்போனது. க்ளோவிஸ் பொய் சொல்லவில்லை. ஈஸ்டர் அன்று கையைப் பார்த்துப் பதறியதும் நடிப்பல்ல.

“கடவுளே, கடவுளே” என்று முணுமுணுத்தாள். நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கட்டிய புருஷனுக்குக் கொடிய நோய் என்று உறுதியானதில் ஒருத்திக்கு நிம்மதி வருமா? வந்தது. வெட்கமில்லாமல் வந்தது.

அந்த நிம்மதி எத்தனை நேரம் இருந்தது? தொப்பியைத் திருப்புகிற நேரம் இருந்தது. பின்பக்கத்தில் மிச்சப் பெயர்கள் இருந்தன. 2009 ரெமி 47. 2010 ரெமி 46. 2011 ரெமி 44. 2012 ரெமி 41. நான்கும் அவள் கைத்தையல். நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கிரீடமும் தைத்திருந்தாள். அன்று தொப்பியை அவன் தலையில் வைத்தவளும் அவள்தான். வைத்துவிட்டு நெற்றியில் முத்தம் கொடுத்து, ‘எங்க குடும்பத்துக் கழுத’ என்றாள். ரெமி அண்டாவைச் சுற்றிக் கழுதை மாதிரி கத்திக்கொண்டே ஓடினான்.

தொப்பிக்குள் விரல் எதிலோ பட்டது. எட்டாக மடித்த ஒரு தாள். பிரிக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தாள். பரிசோதனையில் ரெமி எடுத்த மார்க் 43. பழைய மார்க் 41. குறைவு ஏதும் காணப்படவில்லை. இந்தத் தாளைத்தான் சமையலறை வாசலில் அவன் முகத்தில் விட்டெறிந்தாள். அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனான். இந்தத் தொப்பிக்குள் வைத்தால் அக்கா என்றைக்காவது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பாள் என்று நினைத்து வைத்தானா? சும்மா வைத்தானா? அதைச் சொல்ல அவன் இல்லை.

கொட்டகையின் சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் உண்மையைச் சொன்னான். வாசலில் நின்று, அக்கா என்று கூப்பிட்டு, உள்ளபடி உண்மையைச் சொன்னான். அவள்தான் தாளை நம்பினாள். அந்தத் தாளின் பொய் எண்ணைத் தன் கையாலேயே தைத்து, கிரீடமும் வைத்தவள், அதையே காட்டிக் கதவைச் சாத்தினாள்.

க்ளோவிஸ் காரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“இத எங்க வைக்கட்டும்?”

“படுக்கையறையில வை,” என்றாள் கீழே உட்கார்ந்தபடியே. “அலமாரிக்குப் பக்கத்துல.”

வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன் அவள் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, மடிந்த காதை நிமிர்த்திவிட்டான்.

“தொப்பி வந்திருச்சு! ரெமி எங்க?”

அவள் ரெமியின் தாளை மறுபடி எட்டாக மடித்தாள்.

“தொப்பியக் கொண்டாந்தவன் எங்க, ஷேர்? வந்தான்ல?”

“வந்தான்,” என்றாள் இவெட். “நான் கதவச் சாத்திட்டேன்.”

“எதுக்கு?”

“அவன் சொன்னத நம்பல.”

க்ளோவிஸ் அதை யோசித்தான். காதுகள் ஆடின. வெளியே ஜூலை வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

“வெளிய இந்த வெயில் அடிக்குது,” என்றான். “பாவம், எத்தன நேரமா நிக்கறானோ. போயித் தொற.”

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லிப் புரியவைக்கலாம். பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் ரெமியின் சாவைப் புதிதாகக் கேட்டு, புதிதாக அழுவான். இன்று அவள் சொல்லவில்லை. தரையில் கையூன்றி எழுந்தாள். சமையலறைக்குப் போய், அந்தக் கதவின் தாழை நீக்கி, வலைக்கதவையும் தள்ளி, இரண்டையும் அகலத் திறந்தாள்.

படிக்கட்டில் யாரும் இல்லை. படிக்கு அப்பால் புல், புல்லுக்கு அப்பால் கால்வாய்.

“வந்துட்டானா?” என்று உள்ளேயிருந்து க்ளோவிஸ் கேட்டான்.

கால்வாய்ப் பக்கத்திலிருந்து கொசு மொய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. இவெட் கதவைச் சாத்தவில்லை.